வெளியாள் பெட்டி, நாலாம் எண்

மார்லிஸ் குபியாக் முப்பத்தாறு வருடம் "முடியாது" என்று எழுதிச் சம்பளம் வாங்கியவள். ட்ராட்வைன் குடும்ப அறக்கட்டளையின் அலுவலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அவள்தான். வாரத்துக்கு நாற்பது, ஐம்பது கடிதம் வரும். சிறுநீரகம் போனவர், வீடு எரிந்தவர், பள்ளிக்கூட வாத்தியக் குழுவுக்கு முரசு வாங்கப் பார்ப்பவர், எல்லாரும் எழுதுவார்கள். அதில் ஒன்றிரண்டுக்குத்தான் குடும்பம் தலையசைக்கும். மற்றவர்களுக்கு அனுப்ப அச்சடித்த கடிதம் ஒன்று கட்டுக்கட்டாக அலமாரியில் கிடந்தது. மார்லிஸ் அதைத் தொட்டதே இல்லை. வந்த கடிதத்தை முழுக்கப் படித்தாள் என்று தெரியும்படி ஒவ்வொருவருக்கும் தன் கையால் எழுதுவாள். "முடியாது" என்று எழுதிய கடிதத்துக்கு நன்றி சொல்லிப் பதில் வாங்கியவள் எனக்குத் தெரிந்து விஸ்கான்சின் மாநிலத்திலேயே அவள் ஒருத்திதான்.

என் பெயர் ஆர்லீன் ஸ்டென். மாவட்ட ஆஸ்பத்திரியில் நாற்பது வருடம் நர்ஸாக இருந்தேன். ஊரில் எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம் என்று சொல்வார்கள். இருக்கட்டும். வருடத்தில் ஒரு நாள், மே மாதம் முதல் சனிக்கிழமை, ட்ராட்வைன் வீட்டுக்குப் போய் எல்லாருக்கும் ரத்தம் எடுப்பது என் வேலை. மார்லிஸுக்கு நான் செய்ததைச் சொல்ல வேண்டுமானால் அந்த ரத்தத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ட்ராட்வைன்கள் பால் கேனுக்கு மூடி செய்து பணக்காரர் ஆனவர்கள். ஊரில் அவர்களுக்குப் பட்டப்பெயரே மூடிக்காரர்கள் என்பதுதான். பணத்தோடு இன்னொன்றும் அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தது. ஐம்பது வயதை ஒட்டி ஒரு கை நடுங்க ஆரம்பிக்கும். பிறகு கால் பின்னும். பிறகு நாக்கு புரளாது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும். அப்பனுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கிழவர் ஆகஸ்ட் அதில் போனார், அவர் மகன் வால்டர் போனார், வால்டரின் மகன் ஃபிலிப்பும் போனான். அதனால்தான் தொழிற்சாலையை விற்ற பணத்தை அறக்கட்டளையாக்கினார்கள். பாதி, அந்த வியாதியை ஆராயும் கூடத்துக்கு. பாதி, ஊருக்கு. எங்கள் தீயணைப்பு வண்டியும், நூலகத்துப் புதுக் கூரையும், பள்ளிப் பிள்ளைகளின் மதியச் சாப்பாடும் அந்தப் பணம்தான்.

வியாதிக்கு வைத்தியர்கள் வைத்த நீளமான பெயர் ஒன்று உண்டு. வீட்டுக்குள் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். நடுங்குவதால் "குளிர்" என்று மட்டும் சொல்வார்கள். "அவனுக்குக் குளிர் வந்துடுச்சு" என்றால் அவன் கதை முடிந்தது என்று அர்த்தம். அதனாலேயே அந்த வீட்டில் ஒருவரும் "குளிருது" என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. ஜனவரியில் ஏரி உறைந்து, மூக்குக்குள் முடிகூட விறைத்து நிற்கும்போதும் "காத்து அடிக்குது" என்பார்கள். மார்லிஸ் மட்டும் அலுவலகக் கதவைத் திறந்ததும் "யப்பா, என்னமா குளிருது!" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே நுழைவாள். அவள்தான் குடும்பம் இல்லையே, அவளுக்கு என்ன பயம்?

ரத்தம் எடுக்கும் நாளில் என் முன்னால் இரண்டு பெட்டி இருக்கும். ஒன்று குடும்பப் பெட்டி. அதில் வால்டரின் வழிவந்தவர்கள், ஆளுக்கு இரண்டு டியூப். இன்னொன்று வெளியாள் பெட்டி. குடும்பத்து ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேறு ரத்தம் வேண்டுமே, அதற்காக வாழ்க்கைப்பட்டு வந்தவர்களும் வேலைக்காரர்களும் ஆளுக்கு ஒரு டியூப் கொடுப்பார்கள். டியூபில் பெயர் இருக்காது, எண்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் மார்லிஸின் இரும்புப் பெட்டியில். குடும்பத்தாரின் முடிவுகளும் அங்கேதான், ஒட்டிய உறைகளில், பெயர் போட்டு வரிசையாக. விரும்பினால் தன் உறையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பதினோரு பேர் இருந்தும் கேட்டவன் ஒருத்தன்தான், ஃபிலிப்பின் மகன் கர்ட். கல்யாணம் ஆன கையோடு வந்து கேட்டான். மார்லிஸ்தான் எடுத்துக் கொடுத்தாள். "சுத்தம்" என்று இருந்தது. அவன் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினானாம்.

இது நடந்து எட்டு வருடம் ஆகிறது. அந்த வருட மே மாதக் கூட்டத்துக்கு ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து டாக்டர் ஓஸ்ட்ரோ வந்திருந்தார். நீள மேசையின் தலைமாட்டில் லெனோர் ட்ராட்வைன், வால்டரின் விதவை, எழுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாதவள். அவளுக்கு வலது பக்கம் கர்ட்டும் அவன் மனைவியும். அவள் வயிறு மேசையில் இடித்தது, ஏழாம் மாதம். மூலையில் மார்லிஸ், கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டு. நான் சன்னலோரம் ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒரு சின்னச் சிக்கல்," என்றார் டாக்டர். "வெளியாள் பெட்டிய இதுவரைக்கும் நாங்க சோதிச்சதில்ல. போன மே மாசம் எடுத்ததை இந்த வருஷம்தான் சோதிச்சோம். அதுல ஒரு டியூப்ல அது இருக்கு. நாலாம் நம்பர்."

"வெளியாளுக்கு அது எப்படி வரும்?" என்றான் கர்ட்.

"வராது. அந்த மாதிரி இந்த மாநிலத்துலயே வேற குடும்பம் கிடையாது. எங்கயோ டியூப் மாறியிருக்கு, அவ்வளவுதான். குடும்பத்து ரத்தம் வெளியாள் பெட்டிக்குப் போயிருக்கு. அப்படின்னா வெளியாளோட ரத்தம் ஒண்ணு குடும்பத்து ஆள் பேர்ல..." அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியதுதான் தப்பு.

கர்ட்டின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். "என் பேர்ல," என்றான். "நான்தானே உறையைப் பிரிச்சவன். என்னோட 'சுத்தம்' வேற யாரோடதோ."

"கர்ட், அப்படி ஒண்ணும் இன்னும் தெரியல."

"தெரியாதுன்னுதானே சொல்றேன்!" அவன் மனைவி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய இன்னொரு கை வயிற்றின் மேல் போயிற்று.

எனக்கு அப்போது கர்ட் மேல் இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. எண்ணை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்து ஒட்டுகிறவள் நான். "நான் டியூபை மாத்தல," என்றேன்.

"யாரும் உங்களைக் குத்தம் சொல்லல, ஆர்லீன்."

"இப்ப நீங்க சொன்னதுக்கு வேற என்ன பேரு? இங்க ஊசி குத்தறவ நான் ஒருத்திதான். நாய் வந்து மாத்துச்சா?" மேசையில் ஓங்கித் தட்டினேன். "நாளைக்கே எல்லாருக்கும் மறுபடி எடுக்கலாம். ரெண்டு பெட்டியும். ஒரு ஆள் விடக்கூடாது. அப்பத் தெரியும் யார் லட்சணம் என்னன்னு."

லெனோர் தலையசைத்தாள். அன்றைக்கு எடுக்க இருந்ததையும் தள்ளி, ஞாயிறு பதினொரு மணிக்கு, கோயில் ஆராதனை முடிந்ததும் என்று முடிவாயிற்று. மார்லிஸ் அதை எழுதவில்லை. அவள் பேனா தாளின் மேல் நின்றுகொண்டே இருந்தது. என் வாயாலேயே என் சிநேகிதிக்குக் குழி வெட்டினேன் என்பது தெரியாமல் நான் பெருமையாக ஊசிகளை மூடி வைத்தேன்.

மதியம் எல்லாரும் போன பிறகு அடுக்களையில் நாங்கள் இருவரும் பாத்திரம் கழுவினோம். பன்றித்தொடைத் தட்டு, உருளைக்கிழங்குக் கிண்ணம், யாரும் தொடாத ருபார்ப் கேக்.

"நாலாம் நம்பர் யாருன்னு கேக்கவே இல்லயே நீ," என்றாள் மார்லிஸ்.

"எனக்கு எதுக்கு? லிஸ்ட்டு உங்கிட்ட இருக்கு."

"நான்தான்டி."

நான் சிரித்தேன். "அப்ப கர்ட்டுக்கு ஆபத்துதான் போல. பாவம். உன் டியூப் எப்படி அங்க போச்சு..."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, இடது கையை எனக்கு முன்னால் நீட்டினாள். விரல்கள் ஆடின. அவள் அதை நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை.

"எத்தனை நாளா?"

"நவம்பர்ல, நன்றி விருந்துக்கு அப்புறம்."

"வாதமா இருக்கும். உனக்கும் வயசாவுது."

"ஆர்லீன், முப்பத்திரண்டு வருஷமா இந்த வீட்டுல ஒவ்வொருத்தருக்கும் இது எப்படி ஆரம்பிச்சுதுன்னு பக்கத்துல உக்காந்து பாத்தவ நான். எங்கிட்டயே வாதம் கீதம்ங்கறியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பனிக்காலம் முழுக்க அவள் அலுவலகத்துக்குள் நுழையும்போது "காத்து அடிக்குது" என்றுதான் சொன்னாள். ஒரு தடவைகூட மற்றச் சொல் அவள் வாயில் வரவில்லை. நான் காதில் வாங்கியும் யோசிக்கவில்லை.

அவள் முக்காலியில் உட்கார்ந்து சொன்னாள். அவளுடைய அம்மா பத்தொன்பது வயதில் ட்ராட்வைன்களின் ஏரி வீட்டில் கோடை முழுவதும் துப்புரவு வேலை பார்த்தவள். இலையுதிர்காலத்தில் அவசரமாக ஒரு கல்யாணம். மார்ச் மாதம் மார்லிஸ் பிறந்தாள். மார்லிஸுக்கு இருபது வயதானபோது வால்டர் ட்ராட்வைனே அவர்கள் சமையலறைக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அவளுக்கு வேலை தருகிறேன் என்றாராம். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே நின்றாளாம், திரும்பவே இல்லையாம். ஊர் முழுக்க அதை அதிர்ஷ்டம் என்றோம். நானும்தான்.

"அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. கேட்டா பதில் வந்துடுமோன்னு பயம்," என்றாள். "இப்ப என் ரத்தமே போய்ச் சொல்லிடுச்சு."

"மார்லிஸ்..."

"நாளைக்கு எங்கிட்டேருந்து எடுக்காத."

"எடுக்காம எப்படி? ஒரு ஆள் விடக்கூடாதுன்னு கத்தினவளே நான்தான்."

"எடுக்கற மாதிரி எடு. உன் ரத்தத்தை வை."

நான் கத்தினேன். இது ஆராய்ச்சி, இதை நம்பி மருந்து தேடுகிறார்கள் என்றேன். மாட்டினால் என் உரிமம் போய்விடும் என்றேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் முதலில் எனக்கு வந்த நினைப்பு வேறு. அதையும் சொல்லிவிட்டேன்: "அப்ப மாத்தினது நான்தான்னு ஆயிடும்டி. என் பேரு நாறிடும்."

"ஆமா," என்றாள். அதை இனிப்புத் தடவி எல்லாம் சொல்லவில்லை.

"கர்ட்டுக்கு?"

"அவனுக்கு நாளைக்கு எடுத்தா சுத்தம்னுதான் வரும். அவன் தப்பிச்சான். யாருக்கும் நட்டம் இல்ல."

"பாமுக்கு?"

பாம் அவளுடைய ஒரே மகள். மார்லிஸின் வீட்டுக்காரன் ரே பனி தள்ளும் வண்டி ஓட்டியவன், நாற்பத்தோரு வயதில் வண்டியிலேயே மாரடைத்துப் போனான். அதற்குப் பிறகு அவளுக்கு இருந்ததெல்லாம் பாம்தான். அப்போது பாமுக்கு இருபத்தேழு வயது, கையில் இரண்டு வயதுப் பெண் குழந்தை.

"தெரிஞ்சா அவ என் கையையே பாத்துட்டிருப்பா," என்றாள் மார்லிஸ். "அப்புறம் தன் கையைப் பாப்பா. அப்புறம் குழந்தை கரண்டியக் கீழ போட்டா அதோட கையைப் பாப்பா. அந்த வீட்டுப் பொம்பளைங்க அப்படித்தான் பாத்தாங்க, நான் பாத்திருக்கேன். நானே சொல்றேன் அவகிட்ட. ஆனா டாக்டர் வாயால, லெனோர் வீட்டு மேசையில வச்சு வேணாம். எனக்கு இந்த ஒரு கோடைய மட்டும் குடு. பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள சொல்லிடறேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவள் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. அந்தப் பயத்தை அவ்வளவு பக்கத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாற்பது வருடம் சாகிறவர்கள் பக்கத்தில் நின்றவள் நான், அவர்களிடம்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை என் குளியலறையில், ரப்பர் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டு, என் இடது கையிலிருந்து ஒரு டியூப் எடுத்தேன். ஊதா மூடியை அழுத்திச் சட்டைப்பையில் போட்டேன். வண்டி ஓட்டிப் போகும்போது அது தொடையில் சூடாகப் பட்டுக்கொண்டே இருந்தது. போலீஸ் வண்டி ஒன்று எதிரே வந்தது. என்னைத்தான் தேடி வருகிறான் என்று நினைத்து வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். அவன் கையைக் காட்டிவிட்டுப் போனான், எங்கள் பக்கத்து வீட்டுப் பையன்தான்.

கர்ட் முதலில் வந்தான். இரவு தூங்கவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. "நல்ல நரம்பாப் பாருங்க, ஆர்லீன்," என்று சிரிக்கப் பார்த்தான். இவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிவு வரும்வரை மூன்று வாரம் இவன் செத்துச் செத்துப் பிழைக்க வேண்டாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஊசி இறங்கும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டு மனைவியின் பெயரைச் சொன்னான்.

குடும்பம் முடிந்து வெளியாள் பெட்டி. முதல் எண் லெனோர். கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. எதிர் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கர்ட்டின் மனைவி, தோட்டக்காரர், பிறகு மார்லிஸ்.

மார்லிஸ் வலது கையை நீட்டினாள். அதுவும் நடுங்கியது, பயத்தில்.

"கையை ஆட்டாத, மார்லிஸ்," என்றாள் லெனோர்.

நான் எடுத்தேன். லேபிள் ஒட்டத் திரும்பும்போது அவள் டியூப் என் பைக்குள் போயிற்று, என்னுடையது வெளியே வந்தது. இரண்டு வினாடிகூட ஆகியிருக்காது. எண்ணை வாய்விட்டுப் படித்தேன், "வெளியாள், நாலு." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"ஆர்லீன், உன் கையில என்ன பஞ்சு?"

புழுக்கத்தில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டிருந்தேன். நாற்பது வருட நர்ஸ் செய்கிற காரியமா அது! முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியும் பளிச்சென்று தெரிந்தன.

"அது... ஆஸ்பத்திரில ஒரு டெஸ்ட்டு, மிஸஸ் ட்ராட்வைன். வெள்ளிக்கிழமை."

"ரத்தம் இன்னும் காயலயே."

லெனோர் என் கையைப் பார்த்தாள். பிறகு மார்லிஸின் முகத்தைப் பார்த்தாள், முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறவள் போல, நெற்றி, மூக்கு, தாடை என்று ஒவ்வொன்றாக. அவள் கணவனின் படம் அதே அறையில் சுவரில்தான் இருந்தது. அவள் அதன் பக்கம் திரும்பவில்லை, அதற்குத் தேவை இருக்கவில்லை.

"நேத்துப் பன்னித்தொடை மிச்சம் இருக்கு," என்று எழுந்தாள். "ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க. வீணாப் போயிடும்."

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. புருஷன் பெயர் கெடாமல் இருந்தால் போதும் அவளுக்கு. அப்படி அந்த ரகசியத்துக்கு நாங்கள் மூன்று பேர் ஆனோம்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. கர்ட் சுத்தம். வெளியாள் பெட்டி முழுக்கச் சுத்தம். யாரோ ஒரு குடும்பத்து ஆளின் இரண்டாவது டியூபில் தவறுதலாக நாலாம் எண்ணை ஒட்டிவிட்டார்கள் என்று டாக்டர் எழுதினார். வெளியாள் ரத்தம் இருப்பதே போதும், இனி சோதிக்கப்போவதில்லை என்றும் எழுதினார். எனக்கும் ஒரு கடிதம் வந்தது. என் நீண்ட சேவைக்கு நன்றி, அடுத்த மே மாதத்திலிருந்து நகரத்திலிருந்தே நர்ஸ் வருவார். மார்லிஸ்தான் அதையும் தன் கையால் எழுதியிருந்தாள். எழுத்து கோணிக்கொண்டு போனது.

ஊர் என்னைச் சும்மா விடுமா? வெள்ளிக்கிழமை மீன் வறுவல் தின்ன ஊர்ச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால், பரிமாறுகிறவன் "ஆர்லீன், உன் தட்டுதானா இது? நல்லாப் பாத்துக்கோ, மாத்திடப் போற" என்பான். மேசைக்கு மேசை சிரிப்பார்கள். நான் பிராந்தியைக் குடித்துவிட்டு மீனைத் தின்றேன். இன்றைக்கும் எரிகிறது அது. என் வாழ்க்கையில் ஒரு டியூபைத்தான் மாற்றியிருக்கிறேன், அதுவும் அவர்கள் சிரிக்கிற டியூப் இல்லை.

பள்ளிக்கூடம் திறந்தது. "சொல்லிட்டியா?" என்று கேட்டேன். நன்றி விருந்து முடியட்டும் என்றாள். கிறிஸ்துமஸில் எப்படிச் சொல்வது என்றாள். வசந்தத்தில் பாமின் வீட்டுக்காரனுக்கு வேலை போனது, இப்போது வேண்டாம் என்றாள். அடுத்த குளிர்காலத்தில் போன் செய்தாள். "பாம் முழுகாம இருக்கா. ரெட்டைப் பிள்ளையாம்," என்றாள்.

"மார்லிஸ், இப்பவாவது சொல்லு."

"இப்பப் போயா? வயித்துல வச்சிட்டிருக்கறவகிட்டயா?"

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. நானே போய்ச் சொல்லியிருக்கலாம். கடையில் பாமைப் பார்த்தால் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விடுவேன். ஒரு தடவை அப்படித் திரும்பி நாய்த் தீனி வரிசையில் பத்து நிமிடம் நின்றேன், என் வீட்டில் நாய் கிடையாது. இரட்டையர் பிறந்ததற்குப் பின்னல் கம்பளி ஒன்று தபாலில் அனுப்பினேன். நேரில் போகத் துணிவு இல்லை.

ஐம்பத்தாறாவது வயதில் மார்லிஸ் வேலையை விட்டாள். பிரிவு உபசாரத்தில் லெனோர் அவளுக்கு ஒரு கடிகாரம் கொடுத்துக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எது யாருடைய நடுக்கம் என்று தெரியாமல் இருக்க அழுத்திப் பிடித்துக்கொண்டாள் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த வருடம் மார்லிஸ் படியில் விழுந்தாள். அதற்கு அடுத்த வருடம் பேச்சு குழறியது. பாம் அவளைத் தன் வீட்டுக்கே அழைத்துப்போய்விட்டாள். நரம்பு வைத்தியர் ஒருவர், குடும்பத்தில் இப்படி யாருக்கும் இல்லையே, அப்படியானால் இது வேறு ஏதோ என்று ஒரு பெயர் வைத்தார். லெனோர் தன் சொந்தச் செலவில் பகலுக்கு ஒரு தாதியை அனுப்பினாள். ட்ராட்வைன்களுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று பாம் ஊரெல்லாம் சொன்னாள். போன கிறிஸ்துமஸில் நான் பார்க்கப் போனபோது மார்லிஸ் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். ஏதோ சொல்ல வாயை அசைத்தாள். குனிந்து காதை வைத்தும் எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவள் கண்ணில் அன்றைக்கு அடுக்களையில் இருந்த அதே பயம் இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை மதியம் பாம் என் வீட்டுக்கு வந்தாள். இந்தத் தடவை ஒளிய எனக்கு வரிசை எதுவும் இல்லை. இரட்டையர் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் அடுக்களை மேசையில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"அம்மாவுக்குப் புது டாக்டர் வந்திருக்கார்," என்றாள். "வந்ததும் வராததுமா என்ன சொன்னார் தெரியுமா? பாக்க ட்ராட்வைன் வியாதி மாதிரியே இருக்காம். ரத்தம் அனுப்பணுமாம். எனக்குத் தூக்கமே போயிடுச்சு, ஆர்லீன். ரெண்டு நாள் சோறு இறங்கல. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, அம்மா வருஷா வருஷம் அங்க ரத்தம் குடுப்பாளேன்னு. அறக்கட்டளைக்கு எழுதிக் கேட்டேன். பாருங்க."

தாளை என் பக்கம் நகர்த்தினாள். வெளியாள் பெட்டி, நாலாம் எண், மார்லிஸ் குபியாக், சுத்தம். தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடியே பாத்துட்டாங்க. ஒண்ணும் இல்ல. டெஸ்ட்டெல்லாம் வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். பாவம், அம்மாவை எதுக்கு இனிமே குத்திட்டு." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முழுசாக வரவில்லை. "அன்னிக்கு எடுத்தது நீங்கதானே?"

"நான்தான்."

"தப்பா இருக்க வாய்ப்பில்லயே? ஊர்ல என்னவோ சொல்வாங்க, ஆனா அம்மா எப்பவும் சொல்லுவா, ஆர்லீன் ஒரு டியூபக்கூட மாத்தமாட்டான்னு."

நான் தலையசைத்தேனா என்று எனக்கே தெரியவில்லை. அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் தூக்கம் ஒரேயடியாக வந்தவள் போல நாற்காலியில் சாய்ந்து மூச்சை விட்டாள். தாளை மடித்தாள். எழுந்து என் கன்னத்தில் முத்தம் வைத்தாள். கதவுப் பிடியில் கை வைத்தாள்.

அவள் போகட்டும் என்று என் உடம்பு முழுவதும் கெஞ்சியது. போய்விட்டால் நான் நிம்மதியாகச் செத்துப்போவேன்.

"பாம்," என்றேன். "அந்த டியூப்ல இருந்தது என் ரத்தம்."

அவள் திரும்பினாள். புரியவில்லை. மறுபடி சொன்னேன், ஒன்றையும் விடாமல், அடுக்களை, குளியலறை, பஞ்சு, கோடை முடிவதற்குள் சொல்வதாக அவள் அம்மா கேட்ட தவணை, எல்லாவற்றையும். சொல்லும்போது என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை, மேசைத் துணியின் பூவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் நின்றபடியே கேட்டாள்.

"எட்டு வருஷமா?" என்றாள் கடைசியில்.

"ஆமா."

அவள் சன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே இரட்டையர் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

"இவங்களுக்கு ஆறு வயசு," என்றாள்.